நான்கு ஊருக்கு ஒரே மதில்: பழைய அச்சுப்படங்களில் கோட்டை நகரங்கள்

1493ஆம் ஆண்டு ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் ஒரு தடித்த புத்தகம் அச்சாகி வந்தது. உலகம் படைக்கப்பட்ட நாள் தொட்டு அன்றுவரை நடந்ததையெல்லாம் சொல்லும் வரலாறு. தொகுத்தவர் ஹார்ட்மன் ஷெடல் என்ற மருத்துவர், அச்சிட்டவர் ஆன்டன் கோபர்கர். அதில் டமாஸ்கஸ் நகரத்துக்கு ஒரு படம் இருக்கிறது. மதில், வாசல், கோபுரங்கள், உள்ளே நெருக்கியடித்த கூரைகள். சில பக்கங்களைப் புரட்டினால் இத்தாலியின் ஃபெராரா வருகிறது. அதே படம். மிலான்? அதே படம். மான்டுவா? அதுவும் அதேதான். மேலே இருக்கும் பெயர் மட்டும் மாறியிருக்கிறது.

இதைக் கேள்விப்படுகிறவர்கள் உடனே சொல்வது, "அந்தக் காலத்திலேயே ஏமாற்று வேலை!" இன்னொரு பக்கம், இதே மாதிரியான பழைய நகரப் படங்களைப் புகைப்படம் போல நம்பி, "ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஊர் இப்படித்தான் இருந்தது" என்று பகிர்கிறவர்களும் உண்டு. மூன்றாவது வகை, மதிலைக் கண்டதும் "இது அச்சத்தின் குறியீடு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள். மூன்று பேருமே ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். மதில் எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அது அந்தப் படத்தில் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு சின்னம்

ஒரு குழந்தையிடம் வீடு வரையச் சொல்லுங்கள். ஒரு சதுரம், மேலே முக்கோணக் கூரை, நடுவில் கதவு. அந்தக் குழந்தை மாடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்ததாக இருக்கலாம். வரைவது என்னவோ முக்கோணக் கூரைதான். யாரும் அதைப் பொய் சொன்னதாகத் திட்டுவதில்லை. அந்தச் சதுரமும் முக்கோணமும் எந்த வீட்டையும் காட்டவில்லை, 'வீடு' என்ற சொல்லை எழுதுகின்றன. கைபேசித் திரையில் அழைப்புக்கான பொத்தானில் இருக்கும் அந்தப் பழைய வளைந்த தொலைபேசி ரிசீவரும் அப்படித்தான். அந்த மாதிரிக் கருவியைக் கையில் எடுத்தே பார்க்காதவர்களுக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

ஷெடலின் புத்தகத்தில் மதிலும் இதே வேலையைத்தான் செய்கிறது. மதில், வாசல், கோபுரம் மூன்றும் சேர்ந்தால் 'இங்கே ஒரு நகரம்' என்று படிக்க வேண்டும். டமாஸ்கஸும் மிலானும் நகரங்கள் என்பது உண்மை. எனவே படம் சொல்வதும், அந்த அளவுக்கு, உண்மை.

இந்தச் சின்னம் அச்சுக்கலையோடு பிறந்ததும் கிடையாது. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஐரோப்பிய நகரங்கள் தங்கள் முத்திரைகளில் மதிலையும் வாசலையும் பொறித்துவந்தன. ஓர் ஒப்பந்தத்தின் அடியில் அரக்கில் பதிந்த அந்தச் சின்ன மதில்தான் நகரத்தின் கையெழுத்து. சட்டத்திலும் மதிலுக்கு எடை இருந்தது. 'நகரத்தானையும் குடியானவனையும் பிரிப்பது மதில் மட்டுமே' என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் ஒரு பழமொழி உண்டு. வரி, நீதிமன்றம், சந்தை உரிமை, தொழில் செய்யும் உரிமை என எல்லாமே மதிலுக்கு உள்ளே ஒரு மாதிரி, வெளியே வேறு மாதிரி. ஆக ஒரு மதிலை வரைவது என்பது கல்லை வரைவதோடு முடிவதில்லை. அந்த உரிமைகளின் எல்லைக்கோட்டையும் சேர்த்துத்தான் வரைகிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து ஆயர் இசிடோர் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவைத்தார். லத்தீனில் நகரத்துக்கு இரண்டு சொற்கள்: உர்ப்ஸ், சிவிடாஸ். உர்ப்ஸ் என்றால் மதில்கள். சிவிடாஸ் என்றால் கற்கள் இல்லை, அங்கே குடியிருக்கும் மக்கள். இந்த இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அச்சுப்படங்களின் சாமர்த்தியமே உர்ப்ஸை வரைந்து சிவிடாஸைச் சொல்வதில் இருக்கிறது.

கட்டையும் தகடும்

அச்சுப்படம் என்று இங்கே நான் சொல்வது, ஓர் அச்சில் மையிட்டுக் காகிதத்தில் பதித்து, ஒரே படத்தைப் பல பிரதிகளாக எடுப்பதை. நம் விஷயத்துக்கு இரண்டு முறைகள் தெரிந்தால் போதும்.

ஒன்று மரச்செதுக்கு. ரப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய கோடுகளை மட்டும் மேடாக விட்டு, மற்ற மரத்தையெல்லாம் குடைந்து எடுத்துவிடுவார்கள். மேட்டில் மை ஒட்டும், காகிதத்தில் பதியும். எழுத்துகளும் மேடாகவே இருப்பதால் படத்தையும் எழுத்தையும் ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். புத்தகக்காரர்களுக்கு இது பெரிய வசதி. ஒரு கட்டையைச் செதுக்க நாள் பிடிக்கும், ஆனால் செதுக்கிய கட்டை ஆயிரக்கணக்கான தடவை உழைக்கும். ஷெடலின் புத்தகத்தில் சுமார் 1,800 படங்கள். அதற்குச் செதுக்கிய கட்டைகள் 650ஐத் தாண்டவில்லை. நான்கு ஊருக்கு ஒரே மதில் வந்த கதை இதுதான்.

மற்றொன்று செப்புத்தகட்டு அச்சு. இது நேர் தலைகீழ். தகட்டில் கோட்டைப் பள்ளமாகக் கீறி, பள்ளத்துக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, ஈரக் காகிதத்தை வைத்து உருளைகளுக்கு நடுவே பலமாக அழுத்துவார்கள். காகிதம் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். கையால் கீறுவதற்குப் பதிலாக அமிலத்தை விட்டு அரிக்கவைக்கும் முறையும் உண்டு. மயிரிழை போன்ற கோடுகள் இதில் சாத்தியம். மதிலின் ஒவ்வொரு அம்புத்துளையையும், வாசலில் நிற்கும் வண்டியின் சக்கர ஆரத்தையும் காட்டலாம்.

இரண்டு முறையிலும் படம் இடவலம் மாறித்தான் விழும். கண்ணாடியில் பார்ப்பது போல. அதை யோசித்துத் திருப்பி வரையாவிட்டால் ஆறு தவறான பக்கத்தில் ஓடும். ஒருவர் படத்தைப் பார்த்து இன்னொருவர் நகலெடுக்கும்போது இப்படித் திரும்பிப்போன நகரங்களும் இருக்கின்றன.

சுருக்கமாக இதுவரை: மதில் 'நகரம்' என்பதற்கான எழுத்து. கட்டையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது சிக்கனம், அதே சமயம் அந்த எழுத்து எல்லா ஊருக்கும் பொருந்தியதால் முடிந்த காரியம்.

அப்படியென்றால் எல்லாமே கற்பனையா?

இல்லை. இங்கேதான் பலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். அதே ஷெடல் புத்தகத்தில் நியூரம்பெர்க்குக்கு இரண்டு பக்கம் விரிந்த தனிப்படம் இருக்கிறது. இரட்டை மதில், மேட்டில் கோட்டை, செபால்ட், லோரன்ஸ் என்ற இரண்டு பெரிய தேவாலயங்கள் பெயரோடு. செதுக்கு வேலையை நடத்திய மிகேல் வோல்கெமுட் அந்த ஊர்க்காரர். தெரிந்த ஊரைத் தெரிந்தபடி வரைந்தார்கள், தெரியாத ஊருக்குச் சின்னத்தைப் போட்டார்கள். ஒரே புத்தகத்துக்குள் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன.

ஓவியர் யாக்கபோ தெ பார்பரி வரைந்து 1500இல் வெளியான வெனிஸ் படம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆறு மரக்கட்டைகள், சேர்த்து வைத்தால் அகலம் கிட்டத்தட்ட 2.8 மீட்டர். பறவை வானத்திலிருந்து பார்ப்பது போல முழு நகரமும் கீழே விரிகிறது. பறவைப் பார்வை என்று இதைச் சொல்வார்கள். யாரும் பறந்திராத காலத்தில், பல கோபுரங்களிலிருந்து பார்த்ததைக் கணக்காகச் சேர்த்துத் தைத்த பார்வை அது. சான் மார்க்கோ மணிக்கூண்டின் உச்சியை 1489இல் மின்னல் தாக்கியிருந்தது. முதல் பதிப்பில் அதற்குத் தட்டையான தற்காலிகக் கூரைதான் இருக்கிறது. அந்த அளவுக்குத் துல்லியம்.

ஆனால் வெனிஸுக்கு ஊர் மதிலே கிடையாது! மதில் இல்லாத நகரத்தை நகரம் என்று எப்படிச் சொல்வது? பார்பரி கடலையே மதிலாக்கிவிட்டார். நகரத்தைச் சுற்றி நாலாபுறமும் தண்ணீர். அதன் நடுவில் கடல் தெய்வம் நெப்டியூன் மீன் மேல் ஏறி வருகிறார், மேலே மேகத்தில் வணிகத் தெய்வம் மெர்க்குரி. எங்களுக்குக் கல் வேண்டாம், கடலும் வணிகமும் காவல் என்கிறது படம். கோபுரம் வைத்த மதில் கண்ணில் படும் இடம் ஒன்று உண்டு: போர்க்கப்பல் கட்டும் ஆர்செனல் வளாகம். வெனிஸ் எதைப் பொத்திப் பாதுகாத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

விண்ணுலக நகரமும் விழுகிற நகரமும்

இப்போது குறியீட்டுக்கு வரலாம். குறியீடு என்றால் கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருள் தெரியாத ஒரு கருத்துக்காக நிற்பது. மதிலுக்கு அப்படி ஒரே ஒரு கருத்து கிடையாது. அது முழுதாக நிற்கிறதா, இடிந்திருக்கிறதா, வாசல் திறந்திருக்கிறதா, நாம் உள்ளே நின்று பார்க்கிறோமா வெளியே நின்றா என்பதைப் பொறுத்து அர்த்தம் புரளும்.

பைபிளின் கடைசி நூலில் வானத்திலிருந்து இறங்கும் புதிய எருசலேம் வருகிறது. பெரிய உயர்ந்த மதில், பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு வாசல்கள். ஆனால் அந்த வாசல்கள் சாத்தப்படுவதே இல்லை என்றும் அதே பகுதி சொல்கிறது. சாத்தாத வாசலுக்கு எதற்கு மதில்? பகைவனே இல்லாத இடத்தில் மதில் காவலுக்கு இருக்க முடியாது. நிறைவைக் காட்ட, 'முழுமையான நகரம்' என்று சொல்லவே இருக்கிறது. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெஷ்ட் டியூரர் அந்த நூலுக்காக 1498இல் வெளியிட்ட மரச்செதுக்கு வரிசையின் கடைசிப் படத்தில் ஒரு தேவதூதர், நூலை எழுதிய யோவானுக்கு அந்த நகரத்தைக் காட்டுகிறார். விண்ணுலக நகரம் எப்படி இருக்கிறது என்று பார்த்தால், ஒரு ஜெர்மன் ஊர் போலவே இருக்கிறது. பார்க்கிறவன் தன் ஊர் மதிலையும் கொஞ்சம் பெருமையாக நிமிர்ந்து பார்த்திருப்பான்.

அதே மதில் ஆணவமாகவும் மாறும். நெதர்லாந்து ஓவியர் மார்ட்டன் வான் ஹேம்ஸ்கெர்க் வரைந்து 1569இல் செப்புத்தகட்டில் வெளியான வரிசை ஒன்று யூத மக்களின் வரலாற்றில் வரும் அழிவுகளைப் பற்றியது. எரிகோ நகரத்தின் மதில் எக்காளச் சத்தத்தில் சரிகிறது. மூன்று வருடம் கழித்து அவரே உலக அதிசயங்களை வரைந்தபோது பாபிலோனின் மதில்களை அதிசயமாகக் கொண்டாடினார். ஒரே கை. ஒரு படத்தில் பெருமை, மற்றொன்றில் தண்டனை. 'மதில் என்றால் இதுதான்' என்று அகராதி போடுகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு மரபு, நகரத்தைப் பெண்ணாகக் காட்டுவது. தலையில் மதில் வடிவக் கிரீடம் வைத்த பெண் உருவம் கிரேக்க, ரோமானியக் காலத்திலிருந்தே வருகிறது. இப்படி ஒரு கருத்துக்கு மனித உருவம் கொடுப்பதை உருவகம் என்போம். கிறித்தவச் சித்திரங்களில் கன்னி மரியாளைச் சுற்றி அடைத்த தோட்டம், சாத்திய வாசல், தாவீதின் கோபுரம் என்று வரைவார்கள். கற்பும் மதிலும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மன் நகரமான மாக்டபுர்க் உதாரணம். அந்தப் பெயரைக் 'கன்னியின் கோட்டை' என்று பொருள் கொண்டார்கள். அதன் சின்னத்தில் கோட்டை வாசலுக்கு மேலே மலர்வளையம் ஏந்திய ஒரு கன்னி நிற்கிறாள். 1550–51 முற்றுகையில் சரணடைந்தாலும் சூறையாடப்படாமல் தப்பித்ததால் 'கன்னி' என்ற பெருமை வளர்ந்தது. 1631 மே மாதத்தில் கத்தோலிக்கத் தரப்புத் தளபதி டில்லியின் படை இந்த புராட்டஸ்டன்ட் ஊரின் மதிலைத் தாண்டி நுழைந்து நகரத்தை எரித்தது. சுமார் இருபதாயிரம் பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த ஒற்றைத்தாள் அச்சுகளில் டில்லி கிழட்டு மாப்பிள்ளை, மாக்டபுர்க் மணப்பெண், சூறையாடல் 'திருமணம்'. இரண்டு தரப்புமே இந்த உருவகத்தைப் பயன்படுத்தின. மதிலை உடல் என்று பேசிப் பழகிய மொழி, உண்மையான உடல்கள் தெருவில் கிடந்தபோதும் தன் வழக்கத்தை விடவில்லை. எனக்கு இந்தப் படங்களை அழகு என்று சொல்ல வாய் வருவதில்லை.

சுருக்கமாக: முழு மதில் நிறைவு, உரிமை, கற்பு. இடிந்த மதில் தண்டனை, அவமானம். எது என்பதைப் படத்தின் மற்ற விவரங்கள்தான் தீர்மானிக்கும்.

பீரங்கி வந்த பிறகு

1494இல் பிரெஞ்சு அரசன் எட்டாம் சார்லஸ் நகர்த்த எளிதான வெண்கலப் பீரங்கிகளோடு இத்தாலிக்குள் இறங்கினான். உயர்ந்த, மெல்லிய பழைய மதில்கள் குண்டுக்கு நல்ல இலக்கு. அப்புறம் மதிலின் உருவமே மாறியது. உயரம் குறைந்து, பருமன் கூடி, பின்னால் மண் நிரப்பி, மூலைகளில் கூர்முனையாக நீட்டிய கொத்தளங்கள் வந்தன. கொத்தளம் என்பது மதிலிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பீரங்கி மேடை. ஒரு கொத்தளத்தில் நின்றால் அடுத்த கொத்தளத்தின் ஓரத்தைச் சுடலாம். பகைவன் ஒளிந்துகொள்ள மூலையே இருக்காது. டியூரர்கூட 1527இல் நகரங்களை அரண் செய்வது பற்றி ஒரு நூல் அச்சிட்டார்.

இதில் படம் வரைகிறவனுக்கு ஒரு சிக்கல். பழைய மதிலைத் தரையில் நின்று பக்கவாட்டில் பார்த்தால் கம்பீரமாக இருக்கும். புதிய மதில் பக்கவாட்டில் வெறும் மண்மேடு போலத் தெரியும். அதன் அழகு மேலிருந்து பார்த்தால்தான் விளங்கும்: நட்சத்திரம். ஆகவே படமும் மெல்ல மேலே ஏறியது. 1529இல் துருக்கியர் முற்றுகையிலிருந்து தப்பிய வியன்னாவை 1547இல் அகுஸ்டின் ஹிர்ஷ்ஃபோகல் அளந்து தரைப்படமாக வரைந்தார். தரைப்படம் என்றால் செங்குத்தாக மேலிருந்து, அளவுக்கணக்கோடு வரைவது. வெனிஸ் குடியரசு 1593இல் கட்டத் தொடங்கிய பல்மனோவா ஒன்பது முனை நட்சத்திரம். ஐந்தே வருடத்தில், 1598இல், அது அச்சில் வந்துவிட்டது. குடியேற ஆள் கிடைக்காமல் வெனிஸ் திண்டாடிய ஊர் அது. காகிதத்தில் மட்டும் குறையே இல்லை. இங்கே மதில் கடவுளையோ கற்பையோ சொல்லவில்லை. கணிதத்தையும் அதைக் கட்டச் சொன்ன அரசின் பிடியையும் சொல்கிறது.

அந்தப் பிடி யார் மேல் என்பதும் கேள்விதான். ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த ஆண்ட்வெர்ப் நகரத்தில் 1567 முதல் ஸ்பானிய ஆளுநர் ஆல்பா பிரபு ஐந்து கொத்தளங்களோடு ஒரு கோட்டை எழுப்பினார். அதில் சில கொத்தளங்கள் ஊரைப் பார்த்தே நின்றன. பகைவனுக்காகக் கட்டிய மதில் இல்லை, குடிமக்களுக்காகக் கட்டியது. 1576இல் ஸ்பானியப் படையே நகரத்தைச் சூறையாடியது. அடுத்த ஆண்டு ஊர்மக்கள் திரண்டு தங்கள் பக்கம் பார்த்த மதிலை மட்டும் இடித்துத் தள்ளினார்கள். அதைக் காட்டும் அச்சுப்படங்கள் வந்தன. இடிந்த மதில் இங்கே அவமானமா? கொண்டாட்டம்.

மதிலுக்கு வெளியே யார்?

கொலோன் நகரத்தில் கியோர்க் பிரவுன் தொகுக்க, ஃபிரான்ஸ் ஹோகன்பெர்க் தகடு செதுக்க, 1572இல் ஒரு பெருந்தொகுப்பு தொடங்கியது. 1617க்குள் ஆறு பாகங்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட நகரக் காட்சிகள். பெயர் 'சிவிடாடெஸ் ஓர்பிஸ் டெராரும்', அதாவது உலகின் நகரங்கள். சிவிடாஸ் என்ற அந்த மக்கள் சொல் தலைப்பிலேயே இருக்கிறது.

அதன் பல படங்களில் முன்பக்கத்தில், மதிலுக்கு வெளியே, அந்த ஊர் உடையணிந்த ஆண்களும் பெண்களும் நிற்பார்கள். இந்த மனித உருவங்களைப் போட்டதற்கு பிரவுன் ஒரு காரணம் சொன்னார்: உருவங்களைப் பார்ப்பது துருக்கியர் மதத்தில் கூடாது, எனவே அவர்கள் இந்தப் படங்களைப் போருக்குப் பயன்படுத்த மாட்டார்கள். கோட்டை ரகசியத்தைக் காசுக்கு விற்கிறாயே என்று கேட்கக்கூடியவர்களுக்காகத் தயாரித்த சமாதானம் போலத்தான் எனக்குப் படுகிறது.

ஜெர்மன் ஊர்க்காட்சிகளில் இன்னொன்றையும் அடிக்கடி பார்க்கலாம்: மதிலுக்கு வெளியே, ஒரு மேட்டில், தூக்குமரம். ஊரின் அழகை விற்கும் படத்தில் இது எதற்கு என்று தோன்றும். மரண தண்டனை கொடுக்கும் உரிமை எல்லா ஊருக்கும் கிடையாது. தூக்குமரம் அந்த உரிமைக்கான பத்திரம்.

தென் அமெரிக்காவின் குஸ்கோ இந்தத் தொகுப்பில் சதுரமான மதிலுக்குள் அடைபட்டு, நேர்கோட்டுத் தெருக்களோடு வருகிறது. இன்காக்களின் தலைநகருக்கு அப்படி ஒரு சுற்றுமதில் இருக்கவில்லை. பேரரசின் தலைநகர் என்று ஐரோப்பிய வாசகன் நம்ப வேண்டுமானால் மதில் வேண்டியிருந்தது. அதே தொகுப்பின் முதல் பாகத்தில் கோழிக்கோடு கடற்கரை, தோணி, யானை, தென்னை என்று திறந்துகிடக்கிறது. ஓர் ஊருக்கு இல்லாத மதிலைக் கொடுத்திருக்கிறார்கள், மற்றோர் ஊரை மதிலில்லாமல் விட்டிருக்கிறார்கள்.

செதுக்குக் கலைஞர் ழாக் காலோ 1620களின் கடைசியில் ஆறு தகடுகளில் அரித்த, நெதர்லாந்தின் பிரெடா நகர முற்றுகைப் படத்தில் மதில் பின்னுக்குப் போய்விடுகிறது. நகரம் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கி, அதைச் சுற்றி முற்றுகையிட்டவர்கள் எழுப்பிய மண்சுவர் பெரிய வளையமாக ஓடுகிறது. மதிலைச் சுற்றி ஒரு மதில். முன்பக்கம் முழுக்க சிப்பாய்கள், குதிரைகள், வண்டிகள். 1625இல் நகரம் விழுந்தது ஸ்பானியருக்கு. படத்துக்குக் காசு கொடுத்தவர் ஸ்பானிய நெதர்லாந்தின் ஆளுநர் இசபெல்லா. நாம் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதை அவர் தரப்புதான் முடிவு செய்தது.

இனி ஒரு பழைய நகரப் படம் கையில் கிடைத்தால் மதிலில் தொடங்கி வெளியே வாருங்கள். வாசல் திறந்திருக்கிறதா, வண்டி உள்ளே போகிறதா வெளியே வருகிறதா, விளிம்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 1493இன் நியூரம்பெர்க் படத்தில் எல்லோர் கண்ணும் நேராகக் கோட்டைக்கும் தேவாலயங்களுக்கும் போகும். கீழே வலது ஓரத்தில், இரட்டை மதிலுக்கு வெளியே, பெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் சில கட்டடங்கள் ஒதுங்கி நிற்கின்றன. உல்மன் ஷ்ட்ரோமர் 1390இல் தொடங்கிய காகித ஆலை அது.